வாய்ப்புண்ணுக்குத் தேன்: பயனும் எச்சரிக்கையும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே உள்ள கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் நெடுங்காலமாகத் தேன் சேகரித்து வருகின்றனர். பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒரே பெரிய அடை கட்டும் மலைத்தேனீ, மரப்பொந்துகளில் பல அடைகள் கட்டும் அடுக்குத் தேனீ, புதர்க் கிளைகளில் சிறு அடை கட்டும் கொம்புத் தேனீ ஆகியவற்றின் தேன் நம் வீடுகளில் கைமருந்தாகவும் பயன்படுகிறது. வாய்ப்புண்ணுக்குத் தேன் தடவுவது பழைய வழக்கம். ஆனால் எல்லாத் தேனும் ஒரே பலனைத் தருவதில்லை. எடுக்கும் முறையும் பக்குவமும் அதன் குணத்தை மாற்றிவிடும்.

கிருமிகளைத் தடுக்கும் விதம்

தேனில் ஏறத்தாழ 80 சதம் சர்க்கரைச் சத்து உள்ளது. இச்செறிவு கிருமிகளிடமிருந்து நீரை உறிஞ்சி அவற்றை வளரவிடாது. தேனின் புளிப்புத் தன்மையும் கிருமிகளுக்கு ஒவ்வாதது. மேலும், தேனீ தன் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதியைத் தேனில் சேர்க்கிறது. தேன் சிறிது நீர்த்ததும் இந்நொதி, புண்களைக் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது. தேனைக் காய்ச்சினால் நொதி அழிந்து, இந்தப் பலனும் போய்விடும்.

ஈறும் பல்லும்

நியூசிலாந்தில் 30 பேரைக் கொண்டு நடந்த 21 நாள் ஆய்வு 2004இல் வெளியாயிற்று. உணவுக்குப் பின் மனுக்கா தேனில் செய்த மெல்லும் பண்டத்தைப் பயன்படுத்தியவர்களிடம் ஈறில் இரத்தம் கசியும் இடங்கள் 48 சதத்திலிருந்து 17 சதமாகக் குறைந்தன. மனுக்கா தேனில் மெத்தில்கிளையாக்ஸால் என்னும் தனிப் பொருள் மிகுதி. ஆகவே இம்முடிவை நம் மலைத்தேனுக்கு அப்படியே பொருத்த இயலாது. தேனின் சர்க்கரை பல்லில் ஒட்டி நின்றால் சொத்தையும் உண்டாகலாம். எனவே தேன் பல் துலக்குவதற்கு மாற்று அன்று.

குணம் கெடாமல் எடுத்தல்

1. பெட்டியில் வளர்ப்போர், அடையில் முக்கால் பங்கு அறைகள் மெழுகால் மூடப்பட்ட பின்னரே தேன் எடுக்க வேண்டும். மூடாத அறைகளின் தேனில் நீர் மிகுதி, விரைவில் புளித்துவிடும். நீரளவு 20 சதத்துக்கு மேற்படலாகாது.

2. மலைத்தேன் எடுப்போர் தேன் உள்ள பகுதியை மட்டும் அறுத்து, புழு உள்ள பகுதியை விட்டுவிட வேண்டும். புழுவோடு சேர்த்துப் பிழிந்தால் தேன் மாசுபடும்.

3. தேனைத் தூய துணியில் வடிகட்டி, ஈரமற்ற கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்கவும். அடுப்பில் நேரடியாகச் சூடாக்க வேண்டாம். உறைந்த தேனை இளகச் செய்ய, பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும்.

பயன்படுத்தும் முறை

வாயை நீரால் கொப்பளித்த பின், சில துளி தேனைப் புண்ணின் மேல் தடவிச் சில நிமிடங்கள் விடவும். பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். இரவில் தேன் தடவியபடியே உறங்கலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை, குறிப்பாகப் புகையிலை, வெற்றிலை போடுவோர், உடனே மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

சேனை வைக்கலாகாது

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. இது ஆபத்தானது. தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். மூச்சும் தடைபடலாம். தேனைக் காய்ச்சினாலும் இவ்வித்துக்கள் சாவதில்லை. ஒரு வயது நிறையும் வரை எவ்வகைத் தேனும் தரலாகாது. தேன் விற்கும் உழவர்கள் இதனைப் பாட்டில் சீட்டிலும் எழுதி ஒட்டினால், வாங்குவோர் வீட்டுக் குழந்தைகளுக்கும் அது காப்பாகும்.