தளர்ந்த இதயத்துக்கு ஒரு மாத்திரை

டிரஸ்ட்டில் மருந்துதவி கேட்டு வருவோரின் சீட்டுகளில் மெட்டோப்ரோலால் என்ற பெயரை அடிக்கடி காண்கிறோம். துடிப்பைக் குறைக்கும் 'பீட்டா பிளாக்கர்' வகை இது. தளர்ந்த இதயத்துக்கு இவ்வகை ஆகவே ஆகாது என்றுதான் மருத்துவ உலகம் ஒரு காலத்தில் நம்பியது.

ஸ்வீடனின் கோதன்பர்க் நகர இதய மருத்துவர் ஃபின் வாக்ஸ்டைன் வேறுவிதமாக யோசித்தார். இதயம் பலவீனப்பட்டதும் உடல் அட்ரினலின் போன்ற சுரப்புகளால் அதை விரட்டுகிறது, களைத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பதுபோல. அந்த அடியைத் தடுத்தால்? 1975-ல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரையில் 7 நோயாளிகள்தான். அவர்கள் தேறினார்கள், பலர் நம்பவில்லை. 1999-ல் 3,991 பேரிடம் மெட்டோப்ரோலாலைக் கொண்டு நடந்த ஆய்வில் இறப்பு 34 சதவீதம் குறைந்தது.

மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் கூட்டுவதே முறை. ஆரம்பத்தில் சோர்வு தட்டலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து.