ரேடியேஷன் முடிஞ்ச பிறகு வர்ற இருமல்

மாமியாருக்கு மார்புல ரேடியேஷன் முடிஞ்சுடுச்சுன்னு சொன்னே. சந்தோஷம்டி. ஆனா நுரையீரலை இப்பதான் கவனிக்கணும். கதிர் பட்ட இடத்துல அழற்சி வந்தா, பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள தலைகாட்டும். வறட்டு இருமல், மேல்மூச்சு, லேசான காய்ச்சல். சளிதானேன்னு மந்தைவெளி மருந்துக்கடையில சிரப் வாங்கிக் குடுத்துட்டு உட்காராதே. ரேடியேஷன் குடுத்த டாக்டருக்கே போன் போடு. வேற டாக்டர்கிட்ட போக வேண்டி வந்தா, வாயைத் திறந்ததும் ரேடியேஷன் விஷயத்தைச் சொல்லிடு. இல்லேன்னா நிமோனியான்னு நினைச்சு ஆன்டிபயாடிக்கா மாத்தி மாத்தி எழுதுவாங்க.

கொரோனா சமயத்துல வாங்கின ஆக்ஸிமீட்டரைத் தேடி எடுத்து பேட்டரி மாத்து. உட்கார்ந்திருக்கறப்ப ஒரு தடவை, வராண்டாவுல நாலு நடை நடந்ததும் ஒரு தடவை பாரு. உட்கார்ந்தப்ப 97 இருந்தது, நடந்ததும் 91ன்னு இறங்கினா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். மருதாணி வெச்ச விரல்ல மாட்டாதே, மெஷின் தப்பாக் காட்டும்.

ஸ்டீராய்டு எழுதிக் குடுத்தா, இருமல் நின்னுடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பாங்க. சட்டுனு விட்டா அழற்சி மறுபடி கிளம்பும். ஸ்டீராய்டால சுகர் எகிறும், அதையும் பாத்துக்கோ.

மருந்தாலயும் இந்த நுரையீரல் அழற்சி வரும். பெம்ப்ரோலிசுமாப் மாதிரி இம்யூனோதெரபி ஊசியிலயும் உண்டு. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கும் விரைப்பைக் கான்சருக்கும் போடற ப்ளியோமைசின் இதுக்குப் பேர்போனது. மொத்தம் 400 யூனிட்டைத் தாண்டினா ஆபத்து கூடும். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996ல நுரையீரல் கெடக்கூடாதுன்னே அதை விட்டுட்டு வேற மருந்து குடுத்தாங்க. ப்ளியோமைசின் ஊசி போட்டவங்க, வருஷங்கள் கழிச்சு சாதாரண ஹெர்னியா ஆபரேஷன்னாலும் மயக்க டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். ஆக்ஸிஜன் அளவுக்கு மேல போனா நுரையீரலைப் பாதிக்கலாம். பாண்டிச்சேரிக்குப் போய் ஸ்கூபா டைவிங் அடிக்கிற ஆசை இருந்தா, அதையும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான்.

அதனால வைத்தியம் எங்க நடந்தாலும் சரி, திரு.வி.க. பாலம் தாண்டினா வர்ற அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டோ வேற இடமோ, மருந்துப் பேர், மொத்த அளவு, ரேடியேஷன் தேதி எல்லாம் இருக்கற சம்மரியை வாங்கி போன்ல போட்டோவா வெச்சுக்கோ.

போகி அன்னைக்குப் புகை உள்ள வராம, விடியறதுக்கு முன்னாடியே ஜன்னலைச் சாத்திடு. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் வேண்டாம். மாமியார் முணுமுணுப்பாங்க, டாக்டர் சொன்னார்னு சொல்லு, உன் தலை உருளாது.