இரத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: 1987இல் இந்திய விமானங்கள் உணவுப் பொதி போட்டபோது, இந்தியா படையெடுக்கப் போகிறது என்றே எங்கள் ஊரில் பலர் கதைத்தார்கள். இப்போது சீனா, தைவான் என்று தினமும் செய்தி வருகிறது. ஒரு வல்லரசு போருக்கு ஆயத்தமாகிறதா, வெறுமனே மிரட்டுகிறதா என்று முன்கூட்டியே அறிய முடியுமா?
– வாசகர், கரவெட்டி

பதில்: 1987இல் வடமராட்சி மீது இலங்கை இராணுவத்தின் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தாக்குதல் பாய்ந்த நாட்களைக் கண்ட ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை.

அந்த ஜூன் 3ஆம் திகதி இந்திய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்களின் காவலோடு வந்து, சுமார் 25 தொன் பொருட்களைப் போட்டன. ஆனால் புறப்படுமுன்பே டில்லியில் இலங்கைத் தூதுவரை அழைத்து, தடுத்தால் பதிலடி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். படையெடுக்கப் போகிறவன் முன்கூட்டியே தகவல் கொடுப்பதில்லை. அது கொழும்புக்கு விடுத்த எச்சரிக்கை.

எல்லையில் படை குவிவது மட்டும் எதையும் உறுதிசெய்யாது; பயிற்சிக்கும் படை குவியும். பயிற்சிக்குத் தேவையில்லாததைத் தேட வேண்டும். 2022 ஜனவரியில், உக்ரைன் எல்லைக்கருகே ரஷ்யா இரத்த இருப்பைக் கொண்டுவருவதாகச் செய்தி வந்தது. இரத்தத்தைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. காயப்படுவோரை எதிர்பார்க்கிறவர்களுக்கே அது தேவை. பெப்ரவரி 24இல் போர் தொடங்கியது.

அறிகுறி தேடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில், மேற்கு நாடுகள் அணுத் தாக்குதலுக்கு ஆயத்தமாகின்றன என்று சோவியத் உளவுத்துறை கேஜிபி அஞ்சியது. இலண்டன் பாதுகாப்பு அமைச்சில் இரவில் எத்தனை ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணும்படிகூடத் தன் ஆட்களைப் பணித்தது. ஆபத்தை நம்பாத ஆட்களும் மேலிடம் கேட்டதையே எழுதி அனுப்பினார்கள். அதைப் பார்த்து மேலிடத்தின் அச்சம் கூடியது. இஸ்ரேல் நேர்மாறு. 1973 ஒக்டோபரில் எகிப்தின் படைக்குவிப்பைக் கண்டும், எகிப்து இப்போதைக்குப் போருக்கு வராது என்ற முடிவைப் போர் வெடிக்கும் தறுவாய்வரை மாற்றாமல் இருந்தது. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டால் என் முடிவை மாற்றுவேன் என்று முன்பே எழுதிவைக்கச் சொல்வேன்.

தைவானுக்குப் போக ஏறக்குறைய 130 கிலோமீற்றர் கடலைக் கடக்க வேண்டும். போர்க்கப்பல்கள் சுற்றுவதைக் கண்டு பதற வேண்டாம். சீனாவின் பயணிகள் படகுச் சேவைகள் திடீரென நின்று, அந்தப் படகுகள் படைத்துறைமுகங்களில் கூடினால், வீரர்களின் விடுமுறை ரத்தானால், அப்போது கவலைப்படுங்கள்.