லீக்கைக் கண்டுபிடிப்பவருக்கே அடுத்த ப்ரமோஷன்

எந்த சர்வீஸ் சென்டரிலும் பார்ட் மாற்றத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும் என்று உறுதியாகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். நல்ல ஜாப் கார்டு, இன்க்ரிமென்ட், சூப்பர்வைசர் பதவி எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் முடித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? சீனியர்களை முந்த உங்களுக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு, கூலன்ட் லீக் கம்ப்ளெயின்ட். ஸ்கேனர் அவ்வளவு சீக்கிரம் உங்கள் கைக்கு வராது. லீக் பார்க்க ஆரம்பிப்பதற்கு ஒரு டார்ச்சும், சின்னக் கண்ணாடியும், வெள்ளை டிஷ்யூவும் போதும்.

1. போனட்டைத் திறக்கும் முன் கேளுங்கள். 'தண்ணி ஒழுகுது' என்று ஜாப் கார்டில் ஒரு வரி இருக்கும். அதை நம்பி ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒழுகுவது ஓடும்போதா, நிறுத்தின பிறகா? ஏசி போட்டிருந்தாரா? வண்டி மழையில் நின்றதா? டேங்கில் எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுகிறார்? ஊற்றுவது கூலன்ட்டா, போர் தண்ணீரா? அட்வைசரிடம் சொல்லி கஸ்டமருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். இந்த இரண்டு நிமிடம் உங்கள் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

2. ஒழுகுவது என்ன என்று முடிவு செய்யுங்கள். முன்பக்கம் இடது ஓரமாக, நிறமும் வாடையும் இல்லாமல் சொட்டினால் பெரும்பாலும் அது ஏசி தண்ணீர். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள சென்னையில் நன்றாகவே சொட்டும். அது கோளாறு இல்லை. ஏசி ஓடியும் வெளியே சொட்டவில்லை, இடது பக்கக் கார்ப்பெட் நனைந்திருக்கிறது என்றால்தான் கோளாறு. டிரெய்ன் குழாய் அடைத்திருக்கும், சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

கூலன்ட் விரலில் வழுவழுப்பாக இருக்கும், இனிப்பான வாடை வரும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பச்சை, பிங்க், சிவப்பு, நீலம் என்று பல நிறங்களில் வருகிறது. பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கியர் பாக்ஸ் ஆயிலும்கூடச் சிவப்பாக இருக்கும். டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். தண்ணீர் காய்ந்தால் தடம் தெரியாது, ஆயில் எண்ணெய்க் கறையாகப் பரவும். யார் சொன்னாலும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். தரையில் சிந்தியதையும் உடனே கழுவிவிடுங்கள். இனிப்புக்காக நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும்.

3. சொட்டும் இடம் வேறு, லீக் ஆகும் இடம் வேறு. ஃபேன் காற்றும் ஓடும் வேகமும் கூலன்ட்டைப் பின்னால் தள்ளிவிடும். எனவே ஈரம் தெரியும் இடங்களில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அங்கிருந்து தேடுங்கள். பழைய லீக் என்றால் காய்ந்துபோன உப்புக் கறை காட்டிக்கொடுக்கும். ஹோஸ் கிளாம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்புக்கு அடியில் உள்ள வீப் ஹோல் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். வீப் ஹோலில் ஒழுகினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதை எம்சீல் வைத்து அடைப்பவரை நல்ல சென்டர் எதுவும் வைத்துக்கொள்ளாது.

4. நிரூபியுங்கள். ஜூனியரும் சீனியரும் பிரிவது இங்கேதான். இன்ஜின் நன்றாக ஆறட்டும். வெளிக்காற்றைவிட 1 பார் அழுத்தம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். சூட்டோடு கேப்பைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு பிரஷர் டெஸ்டரை மாட்டி, கேப்பில் எழுதியிருக்கும் அளவு வரை பம்ப் செய்யுங்கள். பல கார்களில் அது 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். அதைத் தாண்டாதீர்கள். 10, 15 நிமிடம் காத்திருங்கள்.

கேஜ் இறங்கி வெளியே ஈரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. கேஜ் இறங்கியும் வெளியே எதுவும் இல்லையென்றால், கேபினுக்குள்ளோ இன்ஜினுக்குள்ளோ போகிறது. சென்னை வெயிலில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை. ஆனாலும் பல மாடல்களில் ஹீட்டர் கோர் வழியாக எந்நேரமும் கூலன்ட் ஓடுகிறது. கார்ப்பெட்டில் பிசுபிசுப்பு, உள் கண்ணாடியில் எண்ணெய் படிந்தது போன்ற மங்கல், கேபினில் இனிப்பு வாடை இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டர் கேப்பைத் தனியாக டெஸ்ட் செய்ய மறக்காதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் கூலன்ட் ரிசர்வாயருக்குத் தள்ளப்பட்டு வெளியே வழியும். ஆறும்போது மேல் ஹோஸ் சப்பிப் போனால் கேப்பின் வேக்குவம் வால்வு சிக்கியிருக்கலாம். சில நூறு ரூபாய் பார்ட் அது. அதை விட்டுவிட்டு ரேடியேட்டரையே மாற்றச் சொன்னால் கஸ்டமரும் போவார், உங்கள் பெயரும் போகும்.

'ஹெட் கேஸ்கட்' என்ற வார்த்தையை அவசரப்பட்டு உச்சரிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமே அதில் போய்விடலாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஹோஸ் கல் போல இறுகுகிறதா, ரிசர்வாயரில் குமிழி விடாமல் வருகிறதா, வெள்ளைப் புகை சூடேறியும் நிற்கவில்லையா, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மூடியில் மட்டும் வெண்மை தெரிந்தால் அது குறைந்த தூரமே ஓடும் வண்டியின் ஈரமாகவும் இருக்கலாம். பிளாக் டெஸ்டரை வையுங்கள். பெட்ரோல் வண்டியில் அதன் நீலத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. அதற்குப் பிறகு தைரியமாகச் சொல்லுங்கள்.

5. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வேறொரு கம்ப்ளெயின்ட் குவியும்: காருக்குள் மழைத் தண்ணீர். வைப்பருக்குக் கீழே இலைச்சருகு அடைத்த வடிகால், சன்ரூஃப் டிரெய்ன், கதவுக்குள் கிழிந்த பிளாஸ்டிக் ஷீட், டெயில் லேம்ப் கேஸ்கட் என்று பாருங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் சாதாரணக் குழாயில் கீழிருந்து மேலாக மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். பிரஷர் வாஷ் கூடாது. மழை நுழையாத இடத்திலும் அது நுழையும்.

6. செய்த வேலையைக் கண்ணில் காட்டுங்கள். கேஜ் இறங்கிய படம், லீக் ஆன இடத்தின் படம், சரி செய்த பிறகு கேஜ் அசையாமல் நிற்கும் படம் என்று மூன்றையும் அட்வைசருக்கு அனுப்புங்கள். கஸ்டமரிடம் எஸ்டிமேட்டுக்கு ஓகே வாங்க அவருக்கு இது ஆயுதம். அடுத்த முறை கஷ்டமான வண்டி வந்தால் உங்கள் பெயரைத்தான் அவர் சொல்வார். டெலிவரிக்கு முன் டிஸ்டில்டு வாட்டர் கலந்த சரியான கூலன்ட் ஊற்றி, ஏர் எடுத்து, ஃபேன் ஓடும் வரை இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு லெவல் பாருங்கள். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிப்பவர்களுக்குத்தான் ரிப்பீட் ஜாப் வரும்.

வேறு சென்டருக்கு இன்டர்வியூ போனால், 'கூலன்ட் குறைகிறது, வெளியே லீக் இல்லை, என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வியை எதிர்பாருங்கள். கேப் டெஸ்ட், பிரஷர் டெஸ்ட், கார்ப்பெட், பிளாக் டெஸ்ட் என்று செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள். பிறகு நம்பர் பிளேட்டை மறைத்து, போனில் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் ஒரு கேஸை எடுத்துக் காட்டிவிட்டு, சம்பளத்தைப் பேசுங்கள்.