நன்னூலின் காற்கூறும் கணினிவழிக் கற்பித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

கற்றலில் ஆசிரியர் உரைப்பதன் பங்கு காற்கூறே என்பது நன்னூல் பொதுப்பாயிரத்தின் கருத்து. எஞ்சிய முக்காற்கூறு உடன்பயில்வோராலும், பிறர்க்கு எடுத்துரைப்பதாலும் நிறைவது. இப்பகுப்பை அளவுகோலாகக் கொண்டு, இன்றைய தமிழ் வகுப்பறையில் தொழில்நுட்பம் எப்பங்கை வளர்க்கிறது, எப்பங்கைக் குறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நன்னூல், பாயிரம், பாடங்கேட்டல், தேடுபொறி, செயற்கை நுண்ணறிவு

முன்னுரை

மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்பதிப்பாக வழங்கி வருகிறது. 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்குகிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறையே திரைக்கு இடம்பெயர்ந்தது. பேசவும் பணம் செலுத்தவும் பயன்படும் அதே கைப்பேசியில் இன்று சங்க இலக்கியமும் உண்டு. நூல் கிடைக்குமா என்பது ஒரு காலத்து வினா. கிடைத்த நூல் கற்கப்படுகிறதா என்பதே இன்றைய வினா.

நன்னூல் கூறும் கற்றல்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியர், பாடஞ்சொல்லல், மாணாக்கர், பாடங்கேட்டல் என்னும் ஐந்தின் இயல்பை உரைக்கிறது. பாடங்கேட்டல் பகுதி கற்றலைப் படிப்படியாக அமைக்கிறது. இருமுறை கேட்பவன் நூலில் பெரும்பாலும் பிழைபடான்; மும்முறை கேட்பவன் அதனை முறையறிந்து உரைக்க வல்லவனாவான். எனினும் ஆசிரியர் உரைத்ததை முழுதும் கொண்டாலும் புலமையில் காற்பங்கே எய்தும். உடன்கற்போரோடு பயில்வதால் மற்றொரு காலும், பிறர்க்குச் செவ்விதாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரையும் நிரம்பும். இவை கணக்கிட்டு அளந்த அளவுகள் அல்ல. எதற்கு எவ்வளவு முதன்மை என்பதைக் காட்டும் விகிதங்கள்.

முதற்காலும் பதிவுசெய்த பாடமும்

பதிவுசெய்த பாடம் இரண்டாம், மூன்றாம் கேட்டலை எளிதாக்குகிறது. பகலில் வேலைக்குச் செல்லும் மாணவர்க்கும், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோர்க்கும் இது பெரும்பேறு. ஆயினும் பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்து, கொள்வோனின் திறமறிந்து உரைக்க வேண்டும் என்கிறார் பவணந்தியார். பதிவு கேட்போர் முகத்தை அறியாது. விளங்காத இடத்தில் தானாக நின்று வேறொரு சான்று காட்டாது. எனவே முதற்காலிலும் பதிவு ஆசிரியர்க்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

உடன்பயிலலும் தேடுபொறியும்

வினாதலும் வினாயவற்றுக்கு விடையளித்தலும் பயிலுதலின் கூறுகள் என்பது நன்னூல் கொள்கை. வகுப்பின் வாட்ஸ்அப் குழு அறிவிப்பும் குறிப்பும் பகிர்வதோடு நின்றால் அது பயிலல் ஆகாது. தேடுபொறியையே வினாவாக்கும்போது நிலை மாறுகிறது. எழுத்துவரிசையை மட்டும் ஒப்பிடும் எளிய தேடலில் ‘மரம்’ என்று இட்டால் ‘மரக்கிளை’, ‘மரங்கள்’, ‘மரத்தை’ ஆகியவை அகப்படா; ‘மரமும்’ என்பதுகூடத் தப்பும். முதற்சொல்லில் மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தது. அடுத்ததில் மகரம் இனமெல்லெழுத்தாகத் திரிந்தது. மூன்றாவதில் அத்துச்சாரியை வந்தது. இறுதியில் மகரமெய்யின்மேல் உகரம் ஏறியது. ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் தொகுக்கும் பணியை மாணவர் குழுவிடம் ஒப்படைத்தால், கருவியின் குறையே புணரியலைக் கற்பதற்கு வாயிலாகும். தேர்வுக்கு மனப்பாடம் செய்த விதி அங்கே பயன்படும் அறிவாகிறது.

எடுத்துரைத்தலும் எந்திர உரையும்

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு பாடலுக்கு நொடியில் உரை எழுதித் தருகின்றன. அவ்வுரை சரியா, பிழையா என்னும் விவாதமே இன்று மேலோங்கியுள்ளது. நன்னூற் பகுப்பின்படி நோக்கினால் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. உரை பிழையற்றதாயினும் அதனை எழுதியவர் மாணவர் அல்லர். சொல்லைப் பிரித்து, பொருளை உறுதிசெய்து, கேட்போர்க்கு விளங்க மொழியும் உழைப்பிலேதான் புலமையின் பாதி விளைகிறது. எந்திரம் அப்பாதியையே தன்வயப்படுத்துகிறது. முதற்காலை எளிதாக்கும் தொழில்நுட்பமே இறுதி அரையைப் பறிப்பதாகவும் அமைவது ஆசிரியர்கள் கருதத்தக்க முரண்.

இதற்குத் தடைவிதித்தல் மட்டும் தீர்வாகாது. எழுதித் தந்த ஒப்படைவுக்கு மதிப்பெண் இடுவதோடு, அதனை வகுப்பின்முன் விளக்கி வினாக்களுக்கு விடையளிப்பதையும் மதிப்பீட்டில் சேர்க்கலாம். எந்திர உரையையே வகுப்பில் வைத்து, பழைய உரையோடும் மூலத்தோடும் ஒப்பிட்டுப் பிழை காணச் செய்யலாம். அப்போது எடுத்துரைக்கும் பொறுப்பு மாணவரிடமே மீள்கிறது.

முடிவுரை

பதிவுகளும் மின்நூல்களும் கேட்டலை விரிவாக்குகின்றன. தேடுபொறி முறையாக அமைந்த குழுப்பயிற்சியில் உடன்பயிலலுக்குத் துணையாகிறது. எந்திர உரை கட்டுப்பாடின்றிப் பயன்படுமிடத்து, எடுத்துரைத்தலால் வரும் அரைப்பங்கு இழப்பாகிறது. ஆதலின் ஒரு கருவியை வகுப்பறைக்குள் ஏற்குமுன், அது எவ்வளவு விரைவாகச் செய்கிறது என்பதைவிட, மாணவர் செய்யவேண்டிய எப்பங்கைத் தான் செய்துவிடுகிறது என்று வினவுவதே பொருத்தமாகும். அவ்வினாவுக்குரிய அளவுகோல் தமிழ் மரபில் முன்னரே உள்ளது.