கீரிமலையின் 9.78



கீரிமலைக் கேணியடி மடத்து உத்திரத்தில் ஊசல் கட்டி நீர் செய்த பரிசோதனையின் அறிக்கையை வாசித்தேன். ஈர்ப்பு ஆர்முடுகல் 9.78 என்று வந்திருக்கிறது. அதன் கீழே, "நூற்பெறுமானம் 9.81, வழு 0.3 சதவீதம்" என்று எழுதி, கடற்காற்றின் மேல் பழியும் போட்டிருக்கிறீர். அந்த வரிதான் எனக்குக் கோபமூட்டியது.

9.81 இலண்டன், பாரிஸ் பக்கத்துக் கணக்கு. சுழலும் பூமி நடுக்கோட்டில் புடைத்திருப்பதால் இங்கே ஆர்முடுகல் குறைவு. நம் அகலக்கோட்டில், கடல்மட்டத்தில், சூத்திரம் தருவதே 9.782 தான். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தென்னமெரிக்கக் கயேனுக்குப் போனபோது அவருடைய ஊசற் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. அவர் அதைப் பிழையென்று ஒதுக்காமல் எழுதிவைத்தார். பூமியின் வடிவத்துக்கு நியூட்டன் அதையே சான்றாக எடுத்தார்.

நான் படித்த காலத்தில் 981 (சென்ரிமீற்றர் கணக்கில் 9.81) வராத கொப்பியில் ஆசிரியர் ஒப்பமிட மாட்டார். பக்கத்து மேசைக்காரர் நீளத்தை அழித்துத் திருத்துவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் பலருக்குத் தம் கண்ணில் நம்பிக்கை போனது அந்த மேசைகளில்தான்.

இன்னொன்று: உமது 9.78க்குப் பக்கத்தில் ± எங்கே? ஒரு மீற்றர் ஊசலில் 50 அலைவுக்கு 100 செக்கன். நிறுத்தற்கடிகாரத்தில் விரல் 0.2 செக்கன் தடுமாறினால் விடை 0.04 அசையும். அப்படியானால் 9.78ஐயும் 9.81ஐயும் யார் பிரித்தறிவது? பாரமான குண்டைக் கட்டி, சிறு கோணத்தில் ஆட்டி, 500 அலைவு எடும். தடுமாற்றம் 0.004க்கு இறங்கும். நீளத்தையும் அரை மில்லிமீற்றருக்குள் அளவும்.

எண்கள் ஒத்துவராத சிக்கல் உமக்கு மட்டும் வருவதில்லை. ஈர்ப்பு மாறிலி G இன்றும் அடங்காத எண். 2018இல் சீனாவின் வூஹான் குழு இரு முறைகளில் அளந்தது: 6.674184, 6.674484 (இரண்டும் 10⁻¹¹ மடங்கு). ஒவ்வொன்றின் நிச்சயமின்மையும் இலட்சத்தில் ஏறக்குறைய 1.2 பங்கு, இடைவெளியோ 4.5 பங்கு. ஒன்றை மற்றதன் பக்கம் இழுக்காமல் இரண்டையும் வெளியிட்டார்கள். அளப்பவரின் நேர்மை அதுதான்.

குண்டைத் தொங்கவிட்டு நூல் இழுபட்ட பிறகே நீளம் எடுத்திருக்கிறீர். அதை ஒருவரும் சொல்லித்தராமலே செய்த கை அருமையான கை. உமது வயதுப் பிள்ளைகளிடம் நான் அதைக் கண்டதில்லை. அந்தக் கை தந்த எண்ணுக்காக இனி யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ± போட்டுத் திரும்ப அனுப்பும்.