தொன்மம் படைத்தல்

நுழையும்முன்

வானம் ஏன் இடிக்கிறது? கடல் ஏன் உவர்க்கிறது? அறிவியல் விடை கூறுவதற்கு முன்பே இத்தகைய வினாக்களுக்குக் கதைகள் விடை கூறின. அவையே இயற்கைத் தொன்மங்கள். அவற்றைக் கேட்டு மகிழ்வதோடு புதியனவாகப் படைக்கவும் இயலும். அப்படைப்புக்கு முதல் தேவை கற்பனையன்று, கூர்ந்து நோக்கும் கண்ணே என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கோடு கண்ட கண்

பாலம் கட்டும் பணியில் மணலில் புரண்டு உதவிய அணிலை இராமன் அன்போடு வருடினான். அவன் விரல்பட்ட இடங்களில் கோடுகள் தோன்றின என்பது தமிழகத்தில் வழங்கும் கதை. உயிரியல் இவ்விளக்கத்தை ஏற்காது. ஆயினும், இக்கதையை முதலில் சொன்னவர் அணிலை நன்கு பார்த்திருக்கிறார். தென்னிந்திய அணிலின் முதுகில் மூன்று வெளிர்கோடுகள், விரல்களால் வருடியதைப் போன்றே, வாலை நோக்கி இணையாக ஓடுகின்றன. வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் அணிலினத்துக்கோ கோடுகள் ஐந்து. மூன்று விரல்களின் தடம் என்னும் கற்பனை, மூன்று கோடுகளைக் கண்ட கண்ணுக்கே தோன்றும். தொன்மத்தின் விளக்கம் பிழைபடலாம்; அதன் காட்சி பிழைபடலாகாது.

மலை சரிந்த கதை

கூர்ந்து கண்ட காட்சியைத் தொன்மம் நெடுங்காலம் காத்து வைப்பதும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிரேட்டர் ஏரி உள்ளது. அதன் ஆழம் 594 மீட்டர். அப்பகுதியில் வாழும் கிளாமத் பழங்குடியினர் அவ்வேரி பிறந்த கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். கீழுலகத் தலைவன் லாவோவும் வானுலகத் தலைவன் ஸ்கெல்லும் போரிட்டனர்; நெருப்பும் பாறைகளும் பறந்தன; இறுதியில் மலை லாவோவின்மேல் சரிந்தது; உண்டான பள்ளத்தில் நீர் நிறைந்தது என்பது அக்கதை.

ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த மசாமா என்னும் எரிமலை வெடித்தது. உள்ளிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதால் தாங்குதலின்றி உச்சி உட்சரிந்தது. அப்பள்ளத்தை மழைநீரும் பனிநீரும் நிறைத்தன. கதையிலிருந்து தலைவர்கள் இருவரையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது வெடிப்பு, சரிவு, நீர் நிறைதல் என்னும் வரிசை. நிலவியலாளர் கண்டறிந்த வரிசையும் அதுவே.

புனையும் முறை

புதிய தொன்மம் படைக்க விரும்புவோர் முதலில் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அது நாள்தோறும் காணக்கூடிய பொருளாக இருத்தல் நன்று. காலை, நண்பகல், மாலை என வெவ்வேறு பொழுதுகளில் அதனை நோக்கிக் குறைந்தது மூன்று இயல்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அவ்வியல்புகள் அனைத்துக்கும் காரணமாகத்தக்க ஒரே நிகழ்ச்சியைக் கற்பிக்க வேண்டும். வாக்குறுதி, பிணக்கு, கடன், மறதி போன்ற மனித வாழ்வின் நிகழ்ச்சிகளே இதற்கு ஏற்றவை. இயல்புக்கு ஒரு காரணமாகப் பல நிகழ்ச்சிகளைக் கோத்தால் கதை சிதறிவிடும்.

பூவரசின் கடன்

பூவரசம்பூ காலையில் மஞ்சளாக மலர்கிறது. அதன் உட்புற அடியில் கருஞ்சிவப்புத் திட்டு உள்ளது. மாலையில் இதழ்களில் செம்மை படர, மலர் வாடுகிறது. இம்மூன்று இயல்புகளையும் கொண்டு புனைந்த தொன்மம் வருமாறு:

முன்னொரு காலத்தில் பூக்களுக்கு நிறமில்லை. அவை கதிரவனிடம் சென்று வேண்டிய நிறங்களைப் பெற்றுக்கொண்டன. இறுதியில் ஒரு பிடி மஞ்சள் மட்டும் எஞ்சியது. அது மறுநாள் விடியலுக்காக அவன் ஒதுக்கியது. அப்போது கடற்கரையில் நின்ற மரம் ஒன்றின் மலர், “பகலில் மட்டும் கடனாகக் கொடு. பொழுது சாய்வதற்குள் திருப்பித் தருகிறேன்” என்றது. “அதற்கு என்ன சான்று?” என்றான் கதிரவன். “எனக்குக் கையெழுத்திடத் தெரியாது. உன் பெருவிரலையே பதித்துக்கொள்” என்று மலர் தன் நெஞ்சைத் திறந்து காட்டியது. அவனும் பதித்தான். மாலையில் மலர் மஞ்சளைத் திருப்பித் தந்தது. கைநாட்டின் செம்மை மட்டும் இதழெங்கும் பரவி நின்றது. வாங்கியதைத் திருப்பித் தந்த பூ அது ஒன்றே. ஆதலால், கதிரவன் அதனைப் பூக்களுக்கு அரசு என்றான்.

மூன்று இயல்புகளும் கடன் என்னும் ஒரே நிகழ்ச்சிக்குள் அடங்குகின்றன. மரத்தின் பெயருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. மலரிலுள்ள நிறமிகளின் மாற்றமே நிறமாற்றத்துக்குக் காரணம் என்பதை அறிந்தவரும் இக்கதையைச் சுவைக்கலாம். கதையைக் கேட்டபின் பூவரசின் அடியில் நின்று மலரை அண்ணாந்து பார்க்கத் தோன்றினால், அத்தொன்மம் தன் பணியைச் செய்துவிட்டது.

படைப்பாளியின் பொறுப்பு

புதிதாகப் புனைந்த கதையை முன்னோர் வழங்கிய கதை என்று கூறுதல் முறையன்று. அவ்வாறு கூறினால், உண்மையான வழக்காறுகளைத் தொகுப்போர் வழி தவறுவர். மேலும், மனிதருக்குள் உயர்வு தாழ்வு பிறப்பிலேயே அமைந்தது என்று காட்டவும் தொன்மங்கள் பயன்பட்டுள்ளன. மனிதர் வகுத்த ஏற்றத்தாழ்வை இயற்கையின் நியதியாகக் காட்டும் கதை, கேட்போரை வினவவிடாமல் தடுக்கிறது. ‘ஏன்’ என்று கேட்கத் தூண்டுவதே நல்ல தொன்மத்தின் இலக்கணம்.

தெரியுமா?

ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங், விலங்குகளின் இயல்புகளுக்குக் கற்பனையான காரணங்கள் கூறும் ‘ஜஸ்ட் சோ ஸ்டோரீஸ்’ என்னும் நூலை 1902இல் வெளியிட்டார். முதலை பிடித்து இழுத்ததால் யானைக்குட்டியின் மூக்கு நீண்டு துதிக்கையாயிற்று என்பது அதிலுள்ள கதைகளுள் ஒன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள மரம், பறவை, நீர்நிலை ஆகியவற்றுள் ஒன்றை ஒரு வாரம் உற்றுநோக்கி அதன் இயல்புகளைப் பட்டியலிடுக.
2. அவ்வியல்புகளுள் மூன்றை விளக்கும் புதிய தொன்மம் ஒன்றை எழுதி வகுப்பறையில் கூறுக.
3. வீட்டிலுள்ள முதியோரிடம் இயற்கை குறித்த கதையொன்றைக் கேட்டு எழுதி, அதில் அமைந்துள்ள உண்மைக் காட்சியையும் கற்பனைக் காரணத்தையும் பிரித்துக் காட்டுக.